முகம் காட்டாத அந்த அம்மா யார்? பழைய கார்ட்டூன்களும் அவற்றில் வந்த மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் போட்டுக் காட்டுவேன். ஒருநாள் டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "மாமா, அந்த ஆன்ட்டிக்குத் தலையே கிடையாதா?" எனக்கும் அந்த வயதில் அதே சந்தேகம் இருந்தது, கேட்கத்தான் தோன்றவில்லை. அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். அப்புறம் பெற்றோர்களும் நண்பர்களும் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

'பழைய கார்ட்டூன்' என்றால் எந்தக் காலம்?

இங்கே நான் பேசுவது அமெரிக்கக் கார்ட்டூன்களை. ஏறக்குறைய 1906 தொடங்கி 1950கள் வரை சினிமா கொட்டகைகளில், முக்கியப் படத்துக்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்த்து ஓட்டப்பட்ட ஆறேழு நிமிடப் படங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இவை பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்டவை இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரியவர்கள்தான் அதிகம். பின்னாளில் ஸ்டுடியோக்கள் மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்றன. டிவிக்காரர்கள் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் போட்டார்கள். அப்படித்தான் இவை 'குழந்தைகள் படம்' ஆயின. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தன.

சரி, அந்த அம்மா யார்?

கட்டம் போட்ட செருப்பு, தடித்த கால், ஏப்ரன், கையில் துடைப்பம், "தாமஸ்!" என்று ஒரு கூப்பாடு. அவருக்கு 'மாமி டூ ஷூஸ்' என்று பெயர். நம் ஊர் மாமி இல்லை. வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்து, சமைத்துப் போட்டு, அதட்டிக்கொண்டே விசுவாசமாக இருக்கும் பருமனான கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் வழங்கிய பெயர் அது. அடிமைமுறைக் காலத்திலிருந்து கதைகளிலும் மேடையிலும் பான்கேக் மாவு விளம்பரத்திலும் அந்த உருவம் வந்துகொண்டே இருந்தது. 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் அப்படியொரு வேடத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்கு மறு ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அவருக்கும் வாங்கித் தந்தது வேலைக்காரி வேடம்தான்.

அதே 1940இல்தான் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எடுத்த 'புஸ் கெட்ஸ் த பூட்' வெளியானது. டாமும் ஜெர்ரியும் வந்த முதல் படம். அதில் டாமின் பெயர் ஜாஸ்பர். அந்த அம்மா அந்த முதல் படத்திலேயே இருக்கிறார். 1952 வரை 19 படங்களில் வந்தார். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ப் என்ற கறுப்பின நடிகை. படத்தில் அவருக்குப் பெயர் போடவில்லை.

முகம் காட்டாததற்குத் தொழில் காரணம் ஒன்று இருக்கிறது. படம் முழுக்கப் பூனை, எலி உயரத்திலிருந்து பார்க்கிற படம். தரையிலிருந்து பார்த்தால் மனிதர்கள் முழங்கால் வரைதான் தெரிவார்கள். நியாயம்தான். ஆனால் அந்தத் தொடரில் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு முகம் இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் பார்த்தபோது ஒல்லியான வெள்ளைக்காரப் பெண் வந்தாளே?

நீங்கள் பார்த்தது திருத்திய பிரதி. 1960களில் இந்தப் படங்களை அமெரிக்கத் தொலைக்காட்சியில் போடும்போது அந்த உருவம் சங்கடமாகிவிட்டது. அப்போது எம்.ஜி.எம்.மில் இருந்த சக் ஜோன்ஸ் குழுவினர் சில படங்களில் அவரை அழித்துவிட்டு, அதே அசைவுகளின் மேல் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணை வரைந்தார்கள். ஜூன் போரே ஐரிஷ் உச்சரிப்பில் குரல் கொடுத்தார். ஐரிஷ் வேலைக்காரி என்பதும் அமெரிக்காவில் பழைய கேலிதான். ஒரு கேலியை எடுத்துவிட்டு இன்னொன்றை உட்கார வைத்தார்கள்.

1990களில் மறுபடி ஒரு திருத்தம். இந்த முறை படத்தைத் தொடாமல் குரலை மட்டும் மாற்றினார்கள். தியா விடேல் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர், கொச்சையைக் குறைத்து வசனத்தைப் பேசினார். ஆக ஒரே படத்துக்கு மூன்று பிரதிகள். அண்ணன் ஒன்றைப் பார்த்திருப்பார், தம்பி இன்னொன்றை. நிறைய வீடுகளில் இந்தச் சண்டை நடக்கிறது. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

மிக்கி மவுசுக்கு ஏன் வெள்ளைக் கையுறை?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் பதில் ஓவியர்களுடையது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கை வந்தால் எதுவும் தெரியாது. 1928இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கிக்குக் கையுறை கிடையாது. மார்புக்கு நேரே கையைக் கொண்டுவரும்போது கை காணாமல் போவதை நீங்களே கவனிக்கலாம். அடுத்த ஆண்டு 'தி ஆப்ரி ஹவுஸ்' படத்தில் கையுறை வந்துவிட்டது. எலிக்கு எலிக் கை வேண்டாம், மனிதக் கை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்ததாக வால்ட் டிஸ்னியும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது பதில் மேடையிலிருந்து வருகிறது. 1830கள் முதல் அமெரிக்காவில் 'மின்ஸ்ட்ரல்' என்ற மேடைக் கூத்து சக்கைப்போடு போட்டது. வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொள்வார்கள். வாயைச் சுற்றி அகலமாக வெளிர்நிறம் விடுவார்கள். கண்ணை உருட்டுவார்கள். கையில் வெள்ளைக் கையுறை. கறுப்பு அடிமைகள் இப்படித்தான் பேசுவார்கள், ஆடுவார்கள், சோம்பேறியாகக் கிடப்பார்கள் என்று காட்டிக் காசு பார்ப்பார்கள். டி.டி. ரைஸ் என்பவர் 'ஜிம் க்ரோ' என்ற வேடத்தில் ஆடிப் புகழ் பெற்றார். கறுப்பர்களைத் தனி ரயில்பெட்டி, தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க்குழாய் என்று ஒதுக்கிய சட்டங்களுக்குப் பின்னாளில் அந்த வேடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இப்போது பழைய கார்ட்டூன் நாயகர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கறுப்பு உடல், வெள்ளை முகப்பகுதி, பெரிய வாய், உருளும் கண், வெள்ளைக் கையுறை, அடித்தால் வலிக்காத ரப்பர் உடம்பு. கார்ட்டூன் நாயகன் மின்ஸ்ட்ரல் நடிகனைப் பார்த்து எழுதிய நகல் இல்லை, அவனே ஒருவகை மின்ஸ்ட்ரல் நடிகன்தான் என்று நிக்கோலஸ் சாமண்ட் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரியாகவே படுகிறது. 'ஸ்டீம்போட் வில்லி'யில் ஆட்டை முறுக்கி வாசிக்கும் பாட்டு, மின்ஸ்ட்ரல் மேடைகளில் ஓயாமல் ஒலித்த 'டர்க்கி இன் த ஸ்ட்ரா'. 1933இல் வந்த 'மிக்கிஸ் மெல்லர்டிராமர்' படத்திலோ ஒளிவு மறைவே இல்லை: அடிமைமுறை நாடகம் போடுவதற்காக மிக்கி வாயில் பட்டாசை வெடிக்கவைத்து முகத்தைக் கரியாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் கையுறை போட்ட ஒவ்வொரு பொம்மையும் இனவெறியா என்று ஒரு நண்பர் கோபமாகக் கேட்டார். இல்லை. பத்து வருடத்துக்குள் அது எங்கிருந்து வந்தது என்பதே வரைபவர்களுக்கு மறந்து, வெறும் பழக்கமாகிவிட்டது. ஆனால் வந்த வழி அதுதான்.

பீலிக்ஸ் பூனையும் அப்படியா?

ஆமாம், நேரடியாகவே. 1919இல் பீலிக்ஸை உருவாக்கிய ஒட்டோ மெஸ்மர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அதே பாட் சல்லிவன் ஸ்டுடியோவில் 'சாமி ஜான்சின்' என்ற கறுப்பினச் சிறுவனை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவர். அதுவும் 'சாம்போ' என்று பத்திரிகையில் வந்த படக்கதையைத் தழுவியது.

போஸ்கோ என்பது மனிதனா, விலங்கா?

போஸ்கோ ஒரு பழைய கார்ட்டூன் நாயகன். பலர் குரங்கு என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கும் குழப்பம் இருந்திருக்கும். ருடால்ப் ஐசிங்கோடு சேர்ந்து அதைப் படமாக்கிய ஹியூ ஹார்மன், 1928இல் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தபோது 'நீக்ரோ சிறுவன்' என்றே எழுதினார். 1929இல் எடுத்த மாதிரிப் படத்தில் போஸ்கோ தென்மாநிலக் கறுப்பர் கொச்சையில் பேசுகிறான். வார்னர் பிரதர்ஸ் அதைப் பார்த்துத்தான் ஒப்பந்தம் போட்டது. 1930இல் வெளியான 'சிங்கிங் இன் த பாத்டப்' தான் முதல் லூனி டூன்ஸ் படம். அதன் நாயகன் போஸ்கோ. அதாவது பக்ஸ் பன்னிக்கும் டாபி வாத்துக்கும் முன்னால் அந்தக் கடையைத் திறந்து வைத்தவன் இவன்தான். கொச்சைப் பேச்சு சீக்கிரமே போய்விட்டது. கீச்சுக் குரல் வந்தது, மிக்கி போலவே ஆகிப்போனான். பின்னர் எம்.ஜி.எம்.முக்குப் போனபோது மறுபடி அடையாளம் தெரியும்படியான கறுப்பினச் சிறுவனாக வரைந்தார்கள். ஒரே பாத்திரத்தை வசதிப்படி மனிதனாகவும் பிராணியாகவும் மாற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது பாருங்கள்.

பெட்டி பூப் உண்மையில் கறுப்பினப் பெண்ணா?

வாட்ஸாப்பில் இது வருஷம் தவறாமல் சுற்றும். பாதி உண்மை.

பெட்டி பூப் 1930இல் பிளெய்ஷர் சகோதரர்களின் நியூயார்க் ஸ்டுடியோவில் பிறந்தாள், முதலில் நாய்க்காதுகளோடு. அவள் சாயல் ஹெலன் கேன் என்ற வெள்ளைக்காரப் பாடகியுடையது. "பூப்-ஊப்-ஏ-டூப்" என்று குழந்தைக் குரலில் கொஞ்சிப் பாடுவதும் அவருடைய பாணி. 1932இல் கேன் 2,50,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1934இல் விசாரணை நடந்தது. அங்கேதான் திருப்பம். அந்தப் பாணி கேனுடைய சொத்தே இல்லை, ஹார்லெம் பகுதியில் பாடிக்கொண்டிருந்த 'பேபி எஸ்தர்' என்ற கறுப்பினச் சிறுமி அதற்கு முன்பே அப்படிப் பாடினாள், கேன் அதைக் கேட்டிருக்கிறார் என்று எதிர்த்தரப்பு சாட்சி கொண்டுவந்தது. அவள் பாடும் சோதனைப் படமொன்றையும் காட்டினார்கள். கேன் தோற்றார்.

ஆக, பெட்டி பூப்பை எஸ்தரைப் பார்த்து வரையவில்லை. கேனைப் பார்த்து வரைந்தார்கள், கேனின் பாணிக்குப் பின்னால் எஸ்தர் இருந்தாள். என்னை உறுத்துவது வேறு. நீதிமன்றத்தில் எஸ்தரின் பெயர் வந்தது ஒரு வெள்ளைக்காரப் பாடகிக்குக் காசு கொடுக்காமல் இருப்பதற்காக. அந்த வழக்கில் ஜெயித்த யாரும் எஸ்தருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிளெய்ஷர் படங்களில் கறுப்பின இசைக்கலைஞர்கள் வருகிறார்களே, அது நல்ல விஷயம்தானே?

நல்லதும்தான். இந்தக் கேள்வியில்தான் நான் எப்போதும் தடுமாறுவேன், ஏனென்றால் அந்தப் படங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

1932இல் வந்த 'மின்னி த மூச்சர்' படம், கேப் காலோவே தன் இசைக்குழு முன்னால் வழுக்கி வழுக்கி ஆடும் நிஜக் காட்சியோடு தொடங்குகிறது. அப்புறம் கார்ட்டூனுக்குள், ஒரு குகையில், வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கு போன்ற ஒரு பேய் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டே பாடுகிறது. 'ரோட்டோஸ்கோப்' என்ற கருவியால் செய்தது. மேக்ஸ் பிளெய்ஷர் 1917இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிஜ மனிதர் ஆடிய படச்சுருளை ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடியின் அடியில் ஒளிவீசி, மேலே தாள் வைத்து வரிவரியாக வரைந்தெடுப்பார்கள். அதனால் அந்தப் பேயின் தோள் குலுக்கலும் கால் வழுக்கலும் காலோவேயுடையவை, அப்படியே. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆட்டம் பேயின் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறு ஆண்டு 'ஸ்னோ ஒயிட்'டிலும் அவர் குரல் கேட்கும். ரோலண்ட் கிராண்டால் ஒரே ஆளாக உட்கார்ந்து வரைந்த படம் அது. காலோவேக்கும் ஆதாயம் உண்டு: அவர் குழு ஓர் ஊருக்கு வருவதற்கு முன் கார்ட்டூன் போய் விளம்பரம் செய்துவிடும்.

அதே ஸ்டுடியோ, அதே 1932. லூயி ஆம்ஸ்ட்ராங் பாடும் ஒரு படம். பெட்டியும் நண்பர்களும் காட்டுக்குப் போகிறார்கள், நரமாமிசம் தின்னும் கூட்டம் துரத்துகிறது. துரத்துகிறவனின் தலை வானத்தில் பெரிதாகி, ஆம்ஸ்ட்ராங்கின் நிஜ முகமாக மாறிப் பாடுகிறது. உலகம் கண்ட மாபெரும் ட்ரம்பெட் கலைஞர்களில் ஒருவர், நரமாமிசம் தின்பவனாக.

காலோவே ஆடிய ஹார்லெம் காட்டன் கிளப்பில் மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் கறுப்பர்கள், மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். கார்ட்டூனும் அந்தக் கிளப்பின் கணக்கைத்தான் பின்பற்றியது.

கறுப்பினத்தவரை மட்டும்தான் இப்படிக் காட்டினார்களா?

இல்லை. யாரையும் விடவில்லை. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1907இல் எடுத்த 'லைட்னிங் ஸ்கெட்சஸ்' படத்தில், கறுப்பரை இழிவாகச் சொல்லும் 'கூன்' என்ற சொல்லையும் 'கோஹன்' என்ற யூதப் பெயரையும் எழுதி, அந்த எழுத்துகளையே கேலி முகங்களாக மாற்றுகிறார். அனிமேஷன் என்ற கலை தவழ ஆரம்பித்த நேரம் அது.

டிஸ்னியின் 1933 'மூன்று பன்றிக்குட்டிகள்' படத்தில் ஓநாய் ஒரு கட்டத்தில் நீண்ட மூக்கும் தாடியுமாக யூத நடைவியாபாரி வேடத்தில் கதவைத் தட்டும். 1948இல் அந்தத் துண்டை மட்டும் மறுபடி வரைந்து, சாதாரண பிரஷ் விற்பவனாக மாற்றினார்கள். அமெரிக்கப் பழங்குடிகள் படத்துக்குப் படம் இறகும் கோடரியுமாக வந்து ஏமாந்து போனார்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர்களை வரைந்த விதம் சொல்லவே கூசும்: கோணல் கண், முன்துருத்திய பல், தடித்த கண்ணாடி. 1944இல் பக்ஸ் பன்னி ஜப்பானிய வீரர்களுக்கு வெடிகுண்டு வைத்த ஐஸ்கிரீம் விற்கும் படம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், அரசு முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்தது.

'சாம்போ' கதை மெட்ராஸில் எழுதப்பட்டது என்கிறார்களே, நிஜமா?

ஏறக்குறைய நிஜம். மேலே சொன்ன பத்திரிகைப் படக்கதை இல்லை இது, 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற குழந்தைக் கதை. ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த கணவரோடு மெட்ராஸில் குடியிருந்தார். பெண் குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு மெட்ராஸ் திரும்பும் ரயில் பயணத்தில், பிரிவு தாங்காமல் அவர்களுக்காக எழுதி வரைந்தது என்று சொல்வார்கள். 1899இல் லண்டனில் வெளியானது. உரிமை ஐந்து பவுனுக்கு விற்கப்பட்டது.

கதையைப் படித்தால் நம் ஊர் வாசனை தெரியும். சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, பச்சைக் குடையோடு போகும் பையனை மறித்துப் புலிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கின்றன. பிறகு யார் அழகு என்று சண்டை போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. ஆமாம், நெய். இந்தியாவில் அதை அப்படிச் சொல்வார்கள் என்று கதையிலேயே வரும். அந்த நெய்யில் அம்மா சுட்ட பான்கேக்கில் பையன் மட்டும் 169 தின்கிறான். கெட்டிக்காரப் பையன். பயந்து ஓடாமல் புலியிடம் பேரம் பேசுகிறவன்.

சங்கடம் பெயரிலும் படத்திலும். 'சாம்போ' என்பது அமெரிக்காவில் ஏற்கெனவே கறுப்பரை மட்டம் தட்டும் பெயர். பானர்மன் வரைந்த முகமும் மின்ஸ்ட்ரல் பாணி. அமெரிக்கப் பதிப்பாளர்கள் இன்னும் மோசமான படங்களைப் போட்டு அச்சடித்தார்கள். 1935இல் அப் ஐவர்க்ஸ், அதாவது மிக்கியை முதன்முதலில் வரைந்த அதே கை, அதை வண்ணக் கார்ட்டூனாக எடுத்தார். புலி இருந்தது, பையன் மட்டும் அமெரிக்க மின்ஸ்ட்ரல் சிறுவனாகிவிட்டான்.

அந்தக் காலத்தில் யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை போலிருக்கிறது?

தெரிந்தது. 'அப்போது எல்லாரும் அப்படித்தான்' என்ற பதிலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். எல்லாரும் என்றால் யார்? கேலி செய்யப்பட்டவர்களும் அந்தக் காலத்தில்தான் வாழ்ந்தார்கள்.

1943இல் வார்னரின் பாப் கிளாம்பெட் எடுத்த 'கோல் பிளாக் அண்ட் டி செபன் டுவார்ப்ஸ்' வெளியானபோது, கறுப்பின உரிமைகளுக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கண்டித்தது. வால்டர் லான்ட்ஸ் 1941இல் எடுத்த ஒரு படம், 'சோம்பேறி ஊர்' என்று பெயர்ப்பலகை மாட்டிய ஊரில் எல்லாரும் ஈ ஓட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பதாகக் காட்டும். 1948இல் அது மறுவெளியீடு ஆனபோது அதே அமைப்பு கடிதம் எழுதியது. யூனிவர்சல் படத்தை நிறுத்திக்கொண்டது.

கண்டனம் வேலை செய்த இன்னொரு சம்பவம் எனக்குப் பிடித்தது. ஹங்கேரியிலிருந்து வந்த ஜார்ஜ் பால் பொம்மைகளை வைத்துப் படமெடுப்பவர். அவருடைய 'ஜாஸ்பர்' தொடரில் தர்பூசணிக்கு அலையும் கறுப்பினச் சிறுவன் நாயகன். விமர்சனம் வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நொந்துகொண்டவர், அதோடு நிற்காமல் 1946இல் 'ஜான் ஹென்றி அண்ட் தி இங்கி பூ' எடுத்தார். இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயிக்கும் ரயில்பாதைத் தொழிலாளியின் நாட்டுப்புறக் கதை. கண்ணியமான முகம், கம்பீரமான உடம்பு. கறுப்பினத்தவரின் 'எபனி' பத்திரிகை பாராட்டியது.

'சென்சார்டு லெவன்' என்றால் என்ன?

1968இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், தன் கையில் இருந்த பழைய வார்னர் கார்ட்டூன்களில் 11 படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதில்லை என்று ஒதுக்கியது. 1931 முதல் 1944 வரை வந்தவை. வெட்டிச் சரிசெய்ய முடியாதவை, ஏனென்றால் படம் முழுக்கவே கேலிதான்.

மேலே சொன்ன 'கோல் பிளாக்' இதில் ஒன்று. இது ஒரு விசித்திரமான படம். ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டனின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்து உந்தப்பட்டு எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் கறுப்பின ஜாஸ் கிளப்புக்குப் போய் ஓவியர்கள் ஆட்டத்தைப் பார்த்து வந்தார்கள். விவியன் டான்ட்ரிட்ஜும் அவர் தாய் ரூபி டான்ட்ரிட்ஜும் குரல் கொடுத்தார்கள். இசை, வேகம், அசைவு எல்லாம் பிரமாதம். முகங்கள் சகிக்காது. அனிமேஷன் படிப்பவர்கள் இதை மேதைமை என்று கொண்டாடுவதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு முகத்தைத் தாண்டி ஆட்டத்தை ரசிக்க முடியவில்லை. முடிகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

வரைபவர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் இருந்தார்களா?

மிகச் சிலர். இதைத்தான் முதல் கேள்வியாகவே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

'பாம்பி' படத்தின் காடு நினைவிருக்கிறதா? மூடுபனிக்குள் மரங்கள் கரைந்து, நடுவில் மான் மட்டும் தெளிவாக நிற்கும். முதலில் வரைந்த ஓவியர்கள் இலை இலையாக வரைந்து தள்ளியதில் மான் காட்டுக்குள் தொலைந்துபோனது. அப்போது கீழ்நிலை வேலையில் இருந்த டைரஸ் வோங், சீன சோங் வம்சக் காலத்து நிலக்காட்சி ஓவிய முறையில் நாலைந்து தூரிகை வீச்சில் காட்டை உணர்த்தும் சிறு ஓவியங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். படத்தின் தோற்றமே அதிலிருந்து பிறந்தது. வோங் 1920இல், ஒன்பது வயதில், சீனர் குடியேற்றத்துக்குத் தடை இருந்த காலத்தில், வேறொரு பெயரில் தகப்பனோடு வந்து ஏஞ்சல் தீவில் தடுத்து வைக்கப்பட்டவர். 1941 டிஸ்னி வேலைநிறுத்தத்துக்குப் பின் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளவே இல்லை. 1942இல் படம் வந்தபோது பின்னணி ஓவியர்கள் பட்டியலில் ஒருவராக மட்டும் பெயர் இருந்தது. 2016இல் 106 வயதில் காலமானார்.

இவாவோ டகாமோட்டோ, ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாம்களில் ஒன்றான மன்சனாரில் அடைபட்டிருந்தபோது, கூட அடைபட்டிருந்த ஓவியர்களிடம் படம் வரையக் கற்றுக்கொண்டார். 1945இல் டிஸ்னியில் சேர்ந்தார். பின்னாளில் ஸ்கூபி டூ நாயை வடிவமைத்தவர் அவர்தான்.

கறுப்பினத்தவர் உள்ளே வர 1950கள் ஆயின. பிராங்க் பிராக்ஸ்டன் வார்னரில் சேர்ந்தார். 1960இல் கார்ட்டூனிஸ்ட் சங்கத் தலைவராகவும் ஆனார். பிளாய்ட் நார்மன் 1956இல் டிஸ்னியில் 'ஸ்லீப்பிங் பியூட்டி'க்கு இடைப்பட்ட அசைவுகளை வரையும் வேலையில் தொடங்கி, 'ஜங்கிள் புக்' கதைக்குழு வரை போனார். நண்பர்களோடு சேர்ந்து கறுப்பின வரலாற்றைச் சொல்லும் படங்கள் எடுக்கத் தனி நிறுவனமும் தொடங்கினார்.

பெண்கள்?

மை தீட்டும் அறையில் நிறைய இருந்தார்கள். ஆண்கள் பென்சிலில் வரைந்ததைச் செல்லுலாய்டு தாளில் மையால் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசுவது அவர்கள் வேலை. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனத்திலிருந்து போன பதில் கடிதம் பிரபலம்: படைப்பு வேலைகளைப் பெண்கள் செய்வதில்லை, அவற்றை முழுக்க இளைஞர்களே செய்கிறார்கள் என்று அதில் இருக்கும். அந்த நேரத்தில் பியாங்கா மஜோலி அங்கே கதைப்பிரிவிலேயே இருந்தார் என்பது வேடிக்கை. பிளெய்ஷர் ஸ்டுடியோவில் லில்லியன் ப்ரீட்மன் 1930களிலேயே அனிமேட்டர் ஆகிவிட்டார். டிஸ்னியில் அனிமேட்டர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண் ரெட்டா ஸ்காட். 'பாம்பி'யில் துரத்தும் வேட்டைநாய்க் கூட்டம் அவர் வரைந்தது. பெண் என்றால் பூவும் முயலும் கொடுப்பார்கள் என்று நினைப்போம், அவர் வாங்கியது அந்த நாய்களை.

ஸ்பீடி கொன்சாலஸைத் தடை செய்தது சரியா?

ஸ்பீடி, வார்னர் கார்ட்டூன்களில் வரும் மின்னல்வேக மெக்சிகோ எலி. 1999இல் அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் அவனை ஓரங்கட்டியது. தடை கேட்டது மெக்சிகோ வம்சாவளியினராக இருக்கும் என்று நினைத்தால், கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள்தான் அவர்கள். 2002இல் திரும்ப வந்தான். சுற்றியிருக்கும் எலிகள் சோம்பேறிகள், அது கேலிதான். ஆனால் ஜெயிக்கிறவன் அவன். யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள் என்பதே இங்கே கேள்வி.

என் பிள்ளைக்குக் காட்டலாமா, கூடாதா?

நான் காட்டுகிறேன், தேர்ந்தெடுத்துத்தான். 'கோல் பிளாக்' மாதிரிப் படங்களை ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்ட ஒரு காரணமும் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரியை நிறுத்த மாட்டேன். குண்டு வெடித்து டாமின் முகம் கரியாகி உதடு தடித்து வரும் இடத்தில் நிறுத்தி, இது எங்கிருந்து வந்த கேலி என்று இரண்டு வரி சொல்வேன். நம் படங்களில் கறுப்பாக இருப்பவரை வைத்து அடிக்கும் ஜோக்கை அவர்களே எடுத்துக்கொண்டு வருவார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

நிறுவனங்களும் இப்படித்தான் தடுமாறுகின்றன. வார்னர் 2005 டிவிடியில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க்கைப் பேசவைத்து, அன்றும் தவறு இன்றும் தவறு, ஆனால் மறைத்தால் நடக்கவே இல்லை என்று சொன்னதாகிவிடும் என்ற பொருளில் விளக்கம் கொடுத்தது. அதே வார்னர் 2013இல் இரண்டு டாம் அண்ட் ஜெர்ரி படங்களைத் தொகுப்பிலிருந்து விட்டுவிட, ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். டிஸ்னியின் 'பேண்டேசியா'வில் வெள்ளைக் குதிரைப்பெண்களின் குளம்பைத் துடைக்கும் கறுப்புக் குதிரைப்பெண் ஒருத்தி இருந்தாள். 1960களின் கடைசியில் வெட்டினார்கள். பின்னாளைய பிரதியில் சில காட்சிகளில் பிரேமைப் பெரிதாக்கி, அவள் ஓரத்துக்கு வெளியே போகும்படி செய்திருக்கிறார்கள்.

மாமியின் முகம் ஒரு படத்திலாவது தெரியுமா?

தெரியும். 1950இல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' படத்தைத் தேடிப் பாருங்கள், பழைய பிரதியாக. அதில் அவர் யாருக்கும் வேலை செய்யவில்லை. மாடியில் தன் அறையில் நகை போட்டு, உடுத்திக்கொண்டு, சனிக்கிழமை இரவு சீட்டாட்டக் கிளப்புக்குக் கிளம்புகிறார். வீடு அவருடையதுதான் என்று சொல்பவர்களுக்கு இந்தப் படம்தான் பெரிய ஆதாரம். அவர் போனதும் டாம் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் கூத்தடிக்கிறது, ஜெர்ரி போன் போட்டுச் சொல்லிவிடுகிறது. கோபத்தில் தெருவோடு ஓடி வருகிறார், நேரே நம்மை நோக்கி. அங்கே, கண் சிமிட்டும் நேரத்துக்கு, முகம் தெரியும். நிறுத்தி நிறுத்தித்தான் பிடிக்க முடியும். திருத்திய பிரதியில் அந்த இடத்தில் ஒல்லியான வெள்ளைக்கார இளம்பெண் இருப்பாள்.

போன வாரம் அந்தப் பிள்ளைக்கு நிறுத்திக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றது.